தாகச் சட்டியில் அசைந்த தண்ணீர்

புதிதாக மலைக்குச் சுகாதாரத் துறை வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்குப் பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளன். படம் போட்டு விளக்க எனக்கு வராது, அதற்கு உங்களிடமே ஆள் இருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சட்டித் தண்ணீர். அதைச் சொல்கிறேன், நடுவில் கைபேசியை நோண்டாமல் படித்தால் சந்தோஷம்.

சிலோனிலிருந்து கப்பலில் ஆட்கள் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களை, இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் அங்கேயே என்று இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டன. ஒரே வீட்டில் மனைவி பெயர் இந்தப் பக்கம், கணவன் பெயர் அந்தப் பக்கம் என்று விழுந்த குடும்பங்கள் உண்டு. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். கோத்தகிரிக்குக் கீழே ஒரு சரிவில் அவர்களுக்காகப் புதிதாக ஒரு தோட்டம் போட்டிருந்தார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளின் வரிசையை நாம் லைன் என்போம், அவர்கள் லயம் என்பார்கள். அந்தத் தோட்டத்தின் கடைசி லயத்தில்தான் இது நடந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் துறையில் யாரும் கேள்வி கேட்காத விஷயம் ஒன்று இருந்தது. அந்த உயரத்தில் மலேரியா பரவாது. வந்தவர்களில் சிலருடைய ரத்தத்தில் பழைய மலேரியா ஒளிந்திருந்தது எங்களுக்குத் தெரியும். மருந்து கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். கொசுவின் உடம்புக்குள் அந்தக் கிருமி பக்குவப்பட வெதுவெதுப்பு வேண்டும். நம் குளிரில் அது பக்குவப்படுவதற்குள் கொசு செத்துப்போகும், அதுவும் கொசு இருந்தால். கொசுவலை வேண்டாத ஊர் என்பதற்காகவே மாற்றல் கேட்டு மலை ஏறியவர்கள் எங்கள் அலுவலகத்தில் இருந்தார்கள்.

அந்த வருஷம் மார்கழியில் உறைபனி விழவில்லை. தையிலும் விழவில்லை. தேயிலை கருகவில்லை என்று தோட்டத்து அதிகாரிக்குச் சந்தோஷம். பிள்ளைகள் ஸ்வெட்டர் இல்லாமல் ஓடினார்கள். பங்குனியில் வெயில் முதுகைச் சுட்டபோதும், அடுத்து மழை விட்டுவிட்டுப் பெய்தபோதும், நல்ல வருஷம் என்றுதான் டீக்கடையில் பேசினார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு டீ குடித்தேன். ஒரு வருஷத்து வெயிலைப் பிடித்துக்கொண்டு பருவநிலையே மாறிவிட்டது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. அப்போது அந்த வார்த்தைகூட எங்களிடம் இல்லை. ஆனால் வானிலையைப் பார்த்து ஊரே நல்லது என்று சொல்லும்போது, வேறு யாருக்கெல்லாம் அது நல்லது என்று கேட்க வேண்டியது நம் வேலை. கிருமிக்கும் நல்ல வருஷம் உண்டு.

தோட்டத்து அதிகாரி ஒரு நாள் ஆள் அனுப்பினார். கடைசி லயத்தில் பாதிப் பேர் வேலைக்கு வருவதில்லையாம். கேட்டால், சிலோனில் விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாம் ஆவியாக வந்து இறங்கியிருக்கிறார்கள் என்கிறார்களாம். நாங்கள் வந்து ஆளுக்கு ஓர் ஊசி போட்டால் பேய் இறங்கிவிடும் என்பது அவருடைய யோசனை.

நானும் எங்கள் டாக்டரம்மாவும் ஜீப்பில் போனோம். அவர் பெயரைப் போட்டால் மேலே இருந்துகூடத் திட்டுவார், அதனால் டாக்டரம்மா என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் பேசமாட்டார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதில் நானும் கொஞ்சம் வாயை மூடக் கற்றேன். ஜீப் ஓட்டிய ரங்கன் அந்தப் பக்கத்துக்காரன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிறவன், அன்று தோட்டத்துக்குள் நுழைந்ததும் அடங்கிவிட்டான்.

மத்தியான நேரம்தான். ஆனாலும் மூடுபனி இறங்கி லயத்தின் மறுகோடி தெரியவில்லை. வேலை நாளில் லயம் காலியாக இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் குந்தியிருந்தாள். ஒவ்வொருத்திக்கு முன்னாலும் ஒரு மண்சட்டி. எல்லோரும் சட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டு ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை.

"ஏனுங்க சார், வண்டியத் திருப்பி நிறுத்திக்கட்டுங்களா?" என்றான் ரங்கன்.

முதல் வாசலில் இருந்தவர் முத்தாயி. நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய கணவர் பெயர் அந்தப் பக்கம் விழுந்த பெயர். மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் நின்றுவிட்டார். முதலில் தகவல் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுபோனது. முத்தாயி மகள் கமலத்தோடு வந்து, இங்கே அவளுக்குக் கல்யாணமும் முடித்திருந்தார். கமலம் நிறைமாதம். மருமகன் கூடலூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருந்தான்.

அந்தச் சட்டிக்குத் தாகச் சட்டி என்று பெயர். செத்தவருக்குக் காரியம் செய்யலாம், இருக்கிறவருக்குச் சோறு எடுத்து வைக்கலாம். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவருக்கு என்ன செய்வது? அந்த லயத்துப் பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வாசலில் ஒரு சட்டித் தண்ணீர், அதில் ஒரு தேயிலைக் கொழுந்து. சட்டியைக் கொட்டக் கூடாது. கொட்டினால் அவர் கதையை முடித்துவிட்டதாக அர்த்தம். குறைந்தால் குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்ப வேண்டும்.

"நாலு வருஷமா வச்சிருக்கேன். சொட்டுக் கொறையாது," என்றார் முத்தாயி, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த வருஷந்தான் கொறையுது. காலையில ஊத்துனா மறுநா ஒரு வெரக்கடை எறங்கிப் போயிருது. அவுக வந்து குடிக்கிறாக."

டாக்டரம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அப்புறம்?"

"அப்புறம் தண்ணி அசைஞ்சுச்சு. காத்து இல்ல, கை படல. அதுவா அசையுது. அதுக்கப்புறந்தான் எம்மக மேல வந்தாக. ஒரு நா விட்டு ஒரு நா வருவாக. மத்தியானச் சங்கு ஊதினா வருவாக. ஒடம்பு கிடுகிடுன்னு ஆடும். பழைய தோட்டத்துப் பேச்செல்லாம் பேசுவாக. பொழுது சாயுறப்ப வேர்த்து ஊத்திப் போயிருவாக. அவ எந்திரிச்சுத் தேத்தண்ணி கேப்பா."

"இன்னைக்கு வர்ற நாளா?"

"ஆமாங்க."

அவர் குரலில் பயம் இல்லை. கணவர் வருகிற பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்ணைப் போல இருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பனிக்குள் எங்கோ ஃபேக்டரிச் சங்கு ஊதியது. முதலில் எங்களுக்குப் பின்னால் முத்தாயியின் அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு நாலு வீடு தள்ளி ஒரு முனகல். பிறகு பனிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வாசலிலிருந்து இன்னொன்று. கதவு கதவாக யாரோ தட்டிக்கொண்டு போவது போல லயம் முழுக்க நடுக்கம் பரவியது. உள்ளே கமலம் பற்கள் கிட்டிக்க, இங்கே இல்லாத ஓர் ஆற்றின் பெயரையும், இங்கே இல்லாத ஒரு கங்காணியின் பெயரையும் சொன்னாள். வாசலில் இருந்த பெண்கள் கைகூப்பினார்கள். ரங்கன் ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். அவனைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நான் ஏறாததற்குக் காரணம், அவன் முந்திக்கொண்டு கதவைச் சாத்தியதுதான்.

அந்த நிலையில் சட்டிக்குள் குனிந்து பார்த்தேன். என் முகம் தெரிந்தது. யாரும் தொடவில்லை, என் மூச்சுகூடப் படவில்லை. முகம் நடுங்கியது.

இன்னும் குனிந்தேன். கொழுந்தைச் சுற்றித் தண்ணீரின் மேலேயே நூல் துண்டுகள் மாதிரிப் படுத்திருந்தவை சட்டென்று பின்பக்கமாக நழுவின. மலேரியாக் கொசுவின் புழு. மேட்டுப்பாளையத்தில் ஆயிரம் தொட்டியில் பார்த்திருக்கிறேன். நிஜமாகச் சொல்கிறேன், புழு என்று தெரிந்ததும் பயம் போகவில்லை. அப்போதுதான் முதுகுத்தண்டில் ஏறியது. ஆவி வந்திருந்தால் அந்த லயத்தோடு போயிருக்கும். இது வந்திருக்கிறது என்றால் மலை மாறியிருக்கிறது. டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முத்தாயி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வெயில் கூடியதால் தண்ணீர் குறைந்தது. புழு வந்ததால் அசைந்தது. முறைக்காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேளை தவறாமல் வரும், ஆட்டும், பிதற்ற வைக்கும், வேர்த்து விடும். நம் பாடப்புத்தகத்தில் இருப்பதை வரிசை மாறாமல் சொன்னார். வந்தது யார் என்பதில் மட்டும்தான் வித்தியாசம். பேய்க்கதை என்று சிரித்துவிட்டு வந்திருந்தால் அத்தனையையும் தவறவிட்டிருப்போம்.

ஆனால் அந்த ஒரு வித்தியாசத்தில் ஓர் உயிர் தொங்கியது, கணக்குப் பார்த்தால் இரண்டு உயிர். நிறைமாதத்தில் அந்தக் காய்ச்சல் தாயையும் கொண்டுபோகும், பிள்ளையையும் கொண்டுபோகும். டாக்டரம்மா மாத்திரையை எடுத்ததும் முத்தாயி நகர்ந்து வாசலை மறித்துக்கொண்டார்.

"வேணாங்க. பேரப்பிள்ளையாப் பொறக்கத்தான் அவுக எம்மக வகுத்துக்கு வந்திருக்காக. கடல் தாண்டி வந்தவுகள மாத்திரை குடுத்து வெரட்டுவேனா?"

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் தோட்டத்து அதிகாரி வந்து சேர்ந்தார். புழுவைப் பற்றி நான் சொன்னதும் அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அவசரத்தில் இருக்கிறவர்களுக்கு எல்லாமே சீக்கிரம் தெளிவாகிவிடும். "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று பக்கத்து வாசல் சட்டியை ஷூக்காலால் தள்ளிவிட்டார்.

தண்ணீர் மண்ணில் ஓடியது. அந்த வாசலில் இருந்த பெண் கத்தவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த கதவு சாத்தியது. அதற்கடுத்தது. முத்தாயி தன் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தின் முன் தாழ்ப்பாள் போட்டார். ஒரு நிமிஷத்தில் லயம் முழுக்க மூடிய கதவுகள், உள்ளே நடுக்கம், வெளியே நாங்கள். சட்டத்தில் எங்களுக்கு அதிகாரம் இருந்தது. போலீஸைக் கூப்பிடலாம் என்றார் அதிகாரி. கதவை உடைத்து எத்தனை பேர் தொண்டையில் மாத்திரை போடுவீர்கள் என்று கேட்டு, டாக்டரம்மா அவரை ஃபேக்டரிக்கு அனுப்பிவிட்டார்.

பிறகு முத்தாயியின் கதவில் முதுகைச் சாய்த்து வாசற்படியில் உட்கார்ந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் ஒரு பொய் சொல்லியிருப்பேன். இது உங்கள் வீட்டுக்காரருக்கே நல்ல மாத்திரை என்றாவது சொல்லியிருப்பேன். வேலை முடிந்திருக்கும்.

"முத்தாயி, உங்க வீட்டுக்காரருக்கு அங்க இந்தக் காய்ச்சல் வருமா?"

உள்ளே கட்டில் ஆடுகிற சத்தம் மட்டும். பிறகு கதவின் மறுபக்கத்தில், தாழ்வாக, அவரும் தரையில் உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்து குரல் வந்தது.

"வரும். வருஷா வருஷம் வரும். இதே ஆட்டந்தான்."

"வந்திருக்கிறது அவரோட காய்ச்சல். அதே காய்ச்சல்தான். உங்க ஆளுங்க ரத்தத்துல ஒளிஞ்சு கப்பலேறி வந்திருக்கு. இத்தனை வருஷம் குளிர் அதைக் கட்டிப் போட்டிருந்துச்சு. இந்த வருஷம் குளிர் விட்டுடுச்சு. அவிழ்ந்துக்கிச்சு. நீங்க சொன்னது அத்தனையும் நிஜம். ஆனா வந்தது அவர் இல்லம்மா."

"அப்ப அவுக எங்க?"

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. பனி இன்னும் கெட்டியாகி டாக்டரம்மாவின் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றார்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். உள்ளே கமலம் அப்பா அப்பா என்று முனகுவது கேட்டது. நாங்கள் காத்திருந்தோம். தாழ்ப்பாள் விலகியது.

முத்தாயி வாசலில் நின்றார். முகம் வீங்கியிருந்தது. "கப்பல்ல ஏத்துன ஐயா வந்துருவாகன்னாரு. முகாம்ல இருந்த ஐயாவும் வந்துருவாகன்னாரு. இங்க வந்து எறங்குனப்பவும் அதையேதான் சொன்னாக. தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தாங்க." கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டார்.

சட்டி விஷயத்தில் நாங்கள் ஒன்றும் சொல்லவேண்டி வரவில்லை. டாக்டரம்மா புழுவைக் காட்டி, இது முட்டையிலிருந்து கொசுவாகி எழும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று மட்டும் சொன்னார். முத்தாயி யோசித்தார். "கொட்டுறதுக்கும் மாத்துறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வந்தவருக்குப் பழைய தண்ணீரையா கொடுப்பது என்று அடுத்த வாசல்காரியிடம் அவரே போய்ப் பேசினார். தேயிலைச் செடியின் தூரில் ஊற்றிவிட்டு, சட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் வைத்தார்கள். அந்த லயத்தில் வெள்ளிக்கிழமை தண்ணீர் மாற்றும் நாளானது. சட்டியை எடுங்கள் என்று சொல்லியிருந்தால் ஒளித்து வைத்திருப்பார்கள்.

எங்கள் துறையை நம்ப வைப்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. புழுவைப் பாட்டிலில் போட்டுக் கீழே அனுப்பினோம். வரும் வழியில் மேட்டுப்பாளையத்தில் பிடித்ததாக இருக்கும், மறுபடி பாருங்கள் என்று பதில் வந்தது. டாக்டரம்மா மறுபடி பார்த்தார், மறுபடி அனுப்பினார். அவர்கள் நம்பி ஆள் அனுப்புவதற்குள் நாங்கள் வீடு வீடாக ரத்தம் எடுத்து, மருந்து கொடுத்து, மருந்தடித்து முடித்திருந்தோம். மேலே இருப்பவர் நம்பிய பிறகுதான் வேலையைத் தொடங்குவேன் என்று இருந்தால், நீங்கள் கடைசியில் போய்ச் சேருவது சாவு வீட்டுக்குத்தான்.

மாத்திரை உடம்பில் பிடித்த பிறகு, காய்ச்சல் வரவேண்டிய முறை நாள் ஒன்று வந்தது. நாங்களும் போயிருந்தோம். மூடுபனி இல்லை, நல்ல வெயில். கமலம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். லயத்துப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். மத்தியானச் சங்கு ஊதியது. எல்லோரும் கட்டிலைப் பார்த்தோம். கட்டில் ஆடவில்லை. கமலம் எங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்துவிட்டு, "பசிக்குது" என்றாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ரங்கன் நிஜமாகவே தட்டிவிட்டான்.

டாக்டரம்மா மட்டும் முத்தாயியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்தாயி வாசலுக்குப் போய்ச் சட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை மாற்றிய தண்ணீர். ஓர் அசைவு இல்லை.

"இன்னைக்கு வரல," என்றார். பிறகு அழுதார். மகள் பிழைத்த சந்தோஷத்தில் அழுகிற அழுகை இல்லை அது. கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவரை அன்றுதான் இரண்டாவது முறையாக விட்டார். டாக்டரம்மா ஜீப்பை அனுப்பிவிட்டுப் பொழுது சாயும் வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நோயைத் துரத்துவதோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசியுங்கள். நாம் கொண்டுபோவது மாத்திரை மட்டும் இல்லை, சில சமயம் ஒருவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டும் வருகிறோம். அன்று எனக்கு அது வலித்தது.

கமலத்துக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

அதன் பிறகு உறைபனி பல வருஷம் விழுந்தது, பிறகு சில வருஷம் விழவில்லை. இப்போது விழாத வருஷம்தான் அடிக்கடி வருவதாக எனக்குத் தோன்றுகிறது. கிழவன் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள், அளந்து பார்க்க உங்களிடம் கருவி இருக்கிறது. நான் இப்போது பெர்ன்ஹில்லில் இருக்கிறேன். அந்தத் தோட்டத்தை விட எவ்வளவோ உயரம். பழக்கம் விடவில்லை, வெள்ளிக்கிழமை தோறும் பூந்தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரைக் குனிந்து பார்த்துக் கொட்டுவேன். இத்தனை வருஷமும் அதில் என் முகம் அசையாமல்தான் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை காற்றே இல்லை. தட்டில் முகம் நடுங்கியது.

நான் குனிந்த நிலையிலேயே வெகுநேரம் நின்றிருப்பேன் போலிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, "ஏனுங்க, அப்படியே நின்னுட்டீங்க?" என்று கேட்டார்கள்.

"வந்துட்டாங்க," என்றேன்.

அந்த அம்மா துணியைக் கையில் பிடித்தபடியே திரும்பி என் கேட்டைப் பார்த்தார்கள். கேட் பூட்டியிருந்தது, சாலையில் ஒருவரும் இல்லை.